உயிருள்ள குழாய்

கையை எடுங்கள், தம்பி. திருகாதீர்கள். குழாய் முனையைப் பிடித்திருக்கிற அந்தப் பித்தளைக் காலரை விட்டுக் கையை எடுங்கள். சரி. இப்போது துப்பாக்கியின் வாயைத் தரையைப் பார்த்துப் பிடியுங்கள். என் காலைப் பார்த்து அல்ல, தரையைப் பார்த்து. முகமூடியை ஏன் தூக்குகிறீர்கள்? வேர்க்கும்தான். வேர்வையை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம். கண் போனால் வேறு கண் மாட்ட இந்தக் கவுண்டரில் எதுவும் இல்லை.

குழாய் சீறுகிறது என்று கழற்றப் போனீர்கள், இல்லையா? எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். முதுகில் இருக்கும் சிலிண்டரின் தலையில் ஒரு கறுப்புத் திருகு இருக்கும், தடவிப் பாருங்கள். அதை மூடுங்கள். மூடியாயிற்றா? இன்னும் வேலை முடியவில்லை. சிலிண்டரை மூடிவிட்டீர்கள், குழாய்க்குள் இருக்கிற காற்று எங்கே போகும்? குண்டு டப்பாவைத் துப்பாக்கியின் மேலிருந்து எடுத்துவிடுங்கள். தரையைப் பார்த்தே விசையை அழுத்துங்கள். இன்னும். இன்னும் ரெண்டு. சத்தம் அடங்கிவிட்டதா? நல்லது.

இப்போது கழற்றலாமா என்று பார்க்கிறீர்கள். கழற்றலாம். ஆனால் நீங்கள் கழற்றக் கூடாது, நானும் கழற்றக் கூடாது. ரோஸ்லின் அம்மிணி வந்துதான் கழற்ற வேண்டும். பலகையைப் படியுங்கள். 'காற்றுப் பொறுப்பாளர்: பா. ரோஸ்லின்.' அதற்குக் கீழே, இன்னும் கீழே, சின்ன எழுத்தில், 'முகமூடி, மேலங்கி: ரா. கிட்டுசாமி.' அந்தக் கிட்டுசாமி நான்தான்.

அம்மிணி தோப்பின் அந்தக் கோடியில் இருக்கிறது. வரக் கால் மணி நேரமாவது ஆகும். உங்கள் ஆபீஸ் ஆட்கள் ஓடி ஓடிச் சாயக் குண்டால் சுட்டுக்கொள்ளட்டும், நீங்கள் இந்த பெஞ்சில் உட்காருங்கள். குழாயைத் தொடக்கூட உரிமை இல்லாத ஆள் குழாயைப் பற்றி இவ்வளவு பேசுகிறானே என்று தோன்றும். சொல்கிறேன். கேட்டுவிட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

நான் கணபதி என்கிற ஊரில் ஒரு கம்ப்ரசர் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன். குழாய் சோதிக்கும் இடத்தில். குழாயில் காற்று இருந்தால் அதற்கு உயிர் இருக்கிறது, காற்றை விட்டுவிட்டால் செத்துவிட்டது. அதுதான் எங்கள் பாஷை. "உசுரு இருக்குதா?" என்று ஒருவன் கேட்பான், "செத்துருச்சு" என்று இன்னொருவன் சொன்ன பிறகுதான் கழற்றுவோம். கழற்றுவதற்கு முன்னால் ரெண்டு விரலால் குழாயை ஒரு அழுத்து. உயிர் உள்ள குழாய் புடலங்காய் மாதிரி விறைப்பாக இருக்கும். செத்தது வதங்கின புடலங்காய். மீட்டரில் முள் என்ன காட்டுகிறது என்றெல்லாம் பார்ப்பதில்லை. முள் பொய் சொல்லும், விரல் சொல்லாது. இருபத்திரண்டு வருஷத்தில் என் கையில் ஒரு குழாய் துள்ளியது கிடையாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி இடம் மாறியபோது நான் போகவில்லை. அந்த நேரத்தில்தான் சிபித் தம்பி வந்தது. இந்தத் தோப்பு அவர்களுடையது. வெள்ளை ஈ அடித்துக் காய்ப்பு போய்விட்டது. பெங்களூரில் இந்த விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்து, மரத்துக்கு மரம் வலை கட்டி, பழைய டயரையும் டிரம்மையும் உருட்டிப் போட்டு, காய்க்காத தென்னையை வைத்தே பிழைத்துக்கொண்டது. கிணற்று மோட்டார் ரூமைக் காற்று ரூம் ஆக்கி, சாவியை என் கையில் கொடுத்தது. உங்கள் கார் டயரில் முப்பது பவுண்டு இருக்குமா? அந்த ரூமில் பெரிய சிலிண்டரில் இருப்பது மூவாயிரம் பவுண்டு. அதன் சாவி என் இடுப்பில். கம்பெனியில் கேன்டீன் டோக்கனில்கூட என் பெயரைச் சரியாக எழுதியதில்லை, தம்பி. கிருஷ்ணசாமி என்றுதான் எழுதுவார்கள்.

அப்போது எனக்கு உதவிக்கு மருதாசலம் இருந்தான். மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். இப்போது களத்துக்குள் நடுவராக நிற்கிறானே, தொண்டை கேட்கிறதல்லவா, அவன்தான். அவனுக்கும் எங்கள் பாஷையைச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஸ்கோர்ஸ் பக்கத்திலிருந்து பிறந்தநாள் கூட்டம் ஒன்று வந்தது. பதினாலு வயசுப் பையன்கள். பிறந்தநாள்காரனின் அம்மா கேக்கை நிழலில் வைக்க இடம் தேடிக்கொண்டு மோட்டார் ரூம் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள். உள்ளே எங்கள் வேலை நடந்துகொண்டிருக்கிறது. உசுரு இருக்குதாடா என்று நான் கேட்டேன். இருக்குதுங்க, இழுத்துக்கிட்டுக் கெடக்குது என்றான் மருதாசலம். அவசரப்படாதே, நல்லா சாகட்டும், செத்த பிறகு கழட்டிக்கலாம் என்றேன். எங்களுக்கு அது அன்றாடப் பேச்சு. ஒழுங்காக, பாதுகாப்பாக வேலை செய்துகொண்டிருந்தோம். அந்த அம்மா கேக்கைத் தூக்கிக்கொண்டு, பதினோரு பையன்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மெழுகுவத்திப் பெட்டி மட்டும் இங்கேயே கிடந்தது.

சிபித் தம்பி என்னைக் கூப்பிட்டு அந்தப் பேச்சை மாற்றச் சொன்னது. நான் மாட்டேன் என்றேன். பாஷையை மாற்றினால் பாதுகாப்பு போய்விடும் என்றேன். அடுத்த மாதம் ரோஸ்லின் அம்மிணியைக் கொண்டுவந்தது.

குன்னூர்ப் பெண். பெங்களூரில் இதற்கென்றே படித்துவிட்டு வந்தது. வந்த அன்றைக்கே ஒரு அட்டையைச் சுவரில் ஒட்டியது. 'மூடு. வெளியேற்று. முள்ளைப் பார். சொல். பிறகு கழற்று.' நல்ல அட்டை, பளபளவென்று இருந்தது. அதற்கு மேலே ஒரு ஆணி இருந்ததால் என் சட்டையை அங்கேதான் மாட்டினேன். வேண்டுமென்று இல்லை, தம்பி. ஆணி அங்கேதான் இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. காற்று ஏற்றுகிற வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதற்கு நான் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவேன். தோப்பிலேயே இருக்கிறோம், எண்ணெய்க்கு என்ன பஞ்சம்? அம்மிணி பார்த்துவிட்டு வெளுத்துப்போய்விட்டது. இவ்வளவு அழுத்தத்தில் எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கும், சிலிண்டரே வெடிக்கும் என்றது. தேங்காய் எண்ணெயில் அப்பளம் பொரிக்கிறோமே, வீடா வெடிக்கிறது என்று கேட்டேன். அது பாட்டிலைக் கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டு, எண்ணெய் பட்ட வளையத்தையெல்லாம் மாற்றியது. கசிவு எங்கே என்று நான் விரலை வைத்துத் தேடினால், விரலுக்குள் காற்று ஏறிவிடும், சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழியைப் பாருங்கள் என்றது. மரை லூசாக இருந்தால் வெள்ளை டேப்பைப் பத்துச் சுற்று சுற்றுவேன். அதை உரித்துவிட்டுப் புது மரையே போட்டது. ரெண்டு விரல் வித்தையையும் விடவில்லை. "இது உங்க கம்பெனி ரப்பர் குழாய் இல்லீங்கண்ணா. இது காத்து இருந்தாலும் விறைப்பு, இல்லாட்டியும் விறைப்பு. முள்ளப் பாருங்க" என்றது. என் விரலுக்குத் தெரியும் என்றேன். என் விரல் யாருடையது?

எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சங்கிலி. குழாயின் முனையையும் மேசையையும் சேர்த்து ஒரு இரும்புக் கயிறு கட்டியது. ஒரு முழ நீளம். குழாய் பிடுங்கிக்கொண்டால் ஆளை அடிக்காமல் பிடித்துக்கொள்ளுமாம். குழாய் என்ன நாயா, கட்டிப்போட என்று கேட்டேன். அன்றிலிருந்து அதற்கு நாய்ச்சங்கிலி என்றே பெயர் வைத்தேன். மருதாசலம் போகும்போதும் வரும்போதும் ஜன்னலில் எட்டிப் பார்த்து, நாய்க்குச் சோறு வைத்தாயிற்றா என்று கேட்பான். அம்மிணியும் சிரிக்கும். சிரித்துவிட்டு, முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கும்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வார்த்தை. 'கிளியர்' என்று சொல்லலாம் என்றது அம்மிணி. மோட்டார் சத்தத்தில் கிளியர் என்பதில் கிளி மட்டும்தான் காதில் விழும் என்றேன். சரி, 'காலி' என்று சொல்லலாம் என்றது. ஓட்டலில் இட்லி தீர்ந்துபோனால் சொல்கிற வார்த்தை என்றேன். மூன்று நாள் இப்படிப் போனது. கடைசியில் அம்மிணியே இறங்கி வந்தது. "சரிங்கண்ணா, செத்துருச்சுன்னே சொல்றேன். ஆனா நீங்க முள்ளையும் பாக்கணும்" என்றது. பார்க்கலாம் என்றேன். பார்க்கிறேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

இதற்குள் மருதாசலத்தைக் களத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவனுக்கு வேறு தொல்லை. குண்டு பட்டுச் சாயம் தெறித்தவனைப் பார்த்து 'அவுட்' என்பான். அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். மரத்தில் பட்டுத் தெறித்தது, கணக்கில் சேராது, வீடியோ போட்டுப் பார் என்பான். எல்லாம் கிரிக்கெட் புத்தி. பாவம், மருதாசலம் தொண்டை வற்றி வந்து என் ஜன்னலில் நின்று தண்ணீர் கேட்டான். அப்போது நான்தான் சொன்னேன். அவுட் என்றால்தானே எதிர்த்துப் பேசுகிறான், செத்தாச்சு என்று சொல், செத்தவன் எப்படிப் பேசுவான் என்றேன். அடுத்த ஆட்டத்திலேயே, "செத்தாச்சு! மஞ்சச் சட்டை செத்தாச்சு! எந்திரிச்சு வெளிய வா!" என்று கத்தினான். மஞ்சள் சட்டை வாயைத் திறக்காமல் எழுந்து வந்தது. நல்ல பலன்.

ஆனால் பாருங்கள், அது என் வார்த்தை. இருபத்திரண்டு வருஷமாகக் குழாய்க்கு வைத்திருந்த வார்த்தை. அதை எடுத்துக்கொண்டு போய் அவன் மனுஷனுக்கு வைத்துவிட்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மிணி வந்து சொன்னது. ரெண்டு பக்கமும் ஒரே வார்த்தை வேண்டாம், என்றைக்காவது குழப்பம் வரும் என்றது. என்ன குழப்பம்? நான் உள்ளே 'செத்துருச்சு', அவன் வெளியே 'செத்தாச்சு'. ஒன்று குழாய், ஒன்று ஆள். ஒன்று அஃறிணை, ஒன்று உயர்திணை. பள்ளிக்கூடம் போனவனுக்கு வித்தியாசம் தெரியும் என்றேன். அம்மிணி அதோடு விட்டுவிட்டது.

ஆடி மாசம் பிறந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியாது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும். தென்னை மட்டையை ஒடித்து வீசும். களத்தில் பேசுவது ரூமுக்குள் கேட்கும், ரூமுக்குள் பேசுவது கேட்காது. அந்தக் காற்றில்தான் அந்த ஆள் வந்தார்.

லட்சுமிகாந்தன் என்று பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து. ஒல்லி, வெள்ளைச் சட்டை, குரல் எழும்பாது. முந்நூறு பேர் கொண்ட பெரிய கூட்டம் ஒன்று வருவதாக இருந்தது. இவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அவர்கள் வருவார்கள். காற்றுக்குப் பொறுப்பு யார் என்று ஒரு பெயரைப் பாரத்தில் எழுத வேண்டும், அதே பெயர் பலகையிலும் ஏறும். முந்தின நாள் சிபித் தம்பி எங்கள் ரெண்டு பேரையும் நிற்க வைத்து, யார் பெயர் என்பதை அவரே பார்த்து முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டது. இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது? வீட்டில் சொல்லி வைத்துவிட்டேன். இஸ்திரி போட்ட சட்டை. அன்றைக்கு அதை அந்த ஆணியில் மாட்டவில்லை, போட்டுக்கொண்டிருந்தேன். அதனால் அட்டை நன்றாகத் தெரிந்தது.

களத்தில் காலேஜ் பையன்கள் ஐந்துக்கு ஐந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். லட்சுமிகாந்தன் எல்லா சிலிண்டரிலும் சோதனைத் தேதியைக் கேட்டார். அம்மிணி புரட்டாமல் சொன்னது. குண்டின் வேகம் எவ்வளவு, எப்போது அளக்கிறீர்கள் என்றார். தினம் காலையில், ஒவ்வொரு துப்பாக்கியும், வினாடிக்கு இருநூற்றெண்பது அடிக்கு மேல் போனால் ஆட விடுவதில்லை என்றது. என்னிடம் ஒரே கேள்வி. குழாயில் காற்று இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

"வெரலுக்குத் தெரியுமுங்க" என்றேன்.

அவர் என் விரலைப் பார்த்தார். ஒரு சிலிண்டருக்குக் காற்று ஏற்றிக் கழற்றிக் காட்டுங்கள் என்றார்.

அம்மிணி எல்லோருக்கும் கண்ணாடி மாட்டியது. நான் ஜன்னலோர மேசையில், அம்மிணி தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரிய சிலிண்டருக்குப் பக்கத்தில். நடுவில் பதினைந்தடிக் குழாய். ஏற்றியாயிற்று. உசுரு இருக்குதா என்று கணீரென்று கேட்டேன். மூடறேங்கண்ணா என்றது அம்மிணி. அந்த நேரம் பார்த்து லட்சுமிகாந்தன் ஒரு பாரத்தை மேசையில் வைத்து, பேனாவை என் கையில் கொடுத்து, "பேர் எழுதுங்க, இனிஷியலோட" என்றார். அங்கே யார் யார் இருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளத்தான் கேட்டேன் என்று பிறகு சொன்னார். அது பிறகு சொன்னது. அந்த நிமிஷம் எனக்கு எப்படித் தெரியும்?

நான் எழுதினேன். ரா போட்டுப் புள்ளி வைத்தேன். 'கிட்டு' வரைக்கும் வந்துவிட்டேன். அழகாக வந்துகொண்டிருந்தது. அப்போது காதில் விழுந்தது.

"செத்தாச்சு!"

தெளிவாக விழுந்தது, தம்பி. இதில் என் தப்பு என்ன? வார்த்தை வந்தது, நான் கழற்றினேன். வலது கையில் பேனா இருந்தது, 'சாமி' பாக்கி இருந்தது, அதைக் கீழே வைக்க மனசு வரவில்லை. இடது கையால் காலரைப் பின்னுக்கு இழுத்தேன். கொஞ்சம் முரண்டு பிடித்தது. சும்மா வந்துவிடும், அன்றைக்கு வரவில்லை. இடது கைக்குப் பழக்கமில்லை என்று நினைத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து அம்மிணி ஏதோ சொன்னது. 'இருங்க' என்றோ 'சரிங்க' என்றோ. ஆடிக் காற்றில் என்ன தெரியும்? பெரிய மனுஷர் பக்கத்தில் நிற்கிறார். ஒரு வெட்டு வெட்டி இழுத்தேன்.

வெடி போட்டது மாதிரி ஒரு சத்தம். குழாய் என் கையை விட்டுக் கிளம்பி அவர் முகத்தைப் பார்த்துப் போனது. ஒரு முழம்தான் போனது. அப்புறம் சங்கிலி இழுத்துப் பிடித்தது. திரும்பி வந்து குண்டுத் தட்டில் ஒரு அடி. ஆரஞ்சுக் குண்டு நூறு இருக்கும், ரூம் பூராவும் தெறித்தது. லட்சுமிகாந்தன் சட்டையில் மார்பிலிருந்து வயிறு வரைக்கும் ஆரஞ்சு. பெரிய வால்வை அம்மிணி ஏற்கெனவே மூடியிருந்தது, குழாய்க்குள் இருந்ததை மட்டும் இன்னும் வெளியே விடவில்லை. அதனால் ஒரே சத்தத்தோடு போயிற்று.

பாரம்தான் நிற்கவில்லை. ஜன்னல் வழியே பறந்து, வலையைத் தாண்டி, களத்துக்குள் போய்விட்டது. வெள்ளையாக ஏதோ பறந்து வருகிறது என்று காலேஜ் பையன்கள் ரெண்டு பேர் சுட்டார்கள். நன்றாகவே சுட்டார்கள். பச்சை ஒன்று, நீலம் ஒன்று. தாள் சுருண்டு கீழே விழுந்தது. மருதாசலம் பழக்க தோஷத்தில் அதைப் பார்த்தும், "செத்தாச்சு!" என்று கத்தினான்.

லட்சுமிகாந்தன் ஸ்டூலில் உட்கார்ந்து கைக்குட்டையால் சட்டையைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பரவியது. சிபித் தம்பி வாசலில் வந்து நின்றது. முகத்தில் ரத்தமே இல்லை. முந்நூறு பேர் வரவேண்டுமே.

"கழட்டலாம்னு சொன்னது யாரு?" என்று கேட்டார் அவர். அதே எழும்பாத குரல்.

நான் அம்மிணியைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது அது. நான் எதற்குச் சொல்ல? எனக்குக் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

"எங்க மேலதான் சார் தப்பு" என்றது அம்மிணி. அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "என் மேல. அந்த வார்த்தை ரெண்டு எடத்துல ஓடுதுன்னு எனக்குத் தெரியும். முதல் நாளே நான் நிறுத்தியிருக்கணும், நிறுத்தல" என்றது.

கேட்டீர்களா? அதன் வாயாலேயே ஒத்துக்கொண்டது. எழுதிக் கொடுத்தது மாதிரி. எனக்கு அம்மிணி மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. தப்பு செய்தவர்கள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வதில்லை.

அவர் அம்மிணியை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். சுவரில் இருந்த அட்டையைப் படித்தார். மேசையில் என் மூக்குக்கு ஒரு ஜாண் தூரத்தில் இருந்த மீட்டரைப் பார்த்தார்.

"நீங்க முள்ளப் பாத்தீங்களா?"

"கையில பேனா இருந்ததுங்க" என்றேன்.

"முள்ளப் பாக்க கை எதுக்குங்க?"

என்ன கேள்வி இது? படித்தவர்கள் இப்படித்தான், ஒன்றைச் சொன்னால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் அடுத்து அந்த இரும்புக் கயிற்றைத் தூக்கிப் பார்த்து, இதைக் கட்டியது யார் என்றார். அம்மிணி குனிந்து குண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தது. நான் மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "அந்த அம்மிணிதானுங்க. வேண்டாம் வேண்டாம்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றேன். சிபித் தம்பி கண்ணை மூடிக்கொண்டது.

லட்சுமிகாந்தன் பையிலிருந்து வேறு பாரம் எடுத்தார். பேனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அதில் எழுதினார், கையெழுத்துப் போட்டார், அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டார். காரில் ஏறும்போது சீட்டில் படாமல் இருக்க நியூஸ் பேப்பர் விரித்துக்கொண்டார். முந்நூறு பேரும் வந்துவிட்டுப் போனார்கள், அதில் ஒன்றும் குறையில்லை.

ஆனால் பாரத்தில் ஏறின பெயர் யாருடையது? அதுதான் பலகையில் பார்த்தீர்களே. தப்பு என்னுடையது என்று நாலு பேருக்கு முன்னால் ஒத்துக்கொண்ட ஆளுக்குச் சாவி. ஒரு தப்பும் செய்யாதவனுக்கு முகமூடி கழுவுகிற வேலை. இருபத்திரண்டு வருஷம் குழாயோடு இருந்தவன் நான். எந்த ஊர் நியாயம் இது, தம்பி? எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கேட்கிறேன்.

அவர் போன பிறகு சிபித் தம்பியும் அம்மிணியும் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆடிக் காற்று எனக்கும்தானே அடிக்கிறது, கேட்டது. அண்ணாவை அனுப்பிவிடாதீர்கள், முகமூடியைக் கழற்றுகிறவர்களை அதட்டிப் போட வைக்க அவரை விட்டால் பிடிவாதமான ஆள் கிடைக்காது என்றது அம்மிணி. பிடிவாதமாம். நானாம். சிபித் தம்பி என்னிடம் வந்து, "கிட்டுண்ணா, இனிமே நீங்க எந்தக் குழாயையும் தொட வேண்டாமுங்க" என்றது. பவ்யமாகத்தான் சொன்னது. தொடவில்லை. இதோ உங்கள் குழாயைக்கூடத் தொடவில்லை, பார்த்தீர்கள் அல்லவா?

இப்போது உள்ளே 'முள்ளு சைபர்' என்று கத்துகிறார்கள். சைபராம். கேட்பதற்கே ஒரு மாதிரி இருக்கிறது. மருதாசலம் மட்டும் செத்தாச்சை விடவில்லை. என் வார்த்தையை வைத்துக்கொண்டு இன்றைக்கும் அவன்தான் பிழைக்கிறான்.

அன்றைக்குச் சாயங்காலம் சாவியை மேசை மேல் வைத்தேன். கையில் கொடுக்கவில்லை. அம்மிணி எடுத்துக்கொண்டது. ரூமைக் கழுவி, உடைந்த குண்டுத் தோலையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு, துள்ளின குழாயை ரெண்டு முனையிலும் கழற்றியது. ஒரு தடவை துள்ளின குழாயை மறுபடி மாட்டக் கூடாதாம். வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாமல் இருக்கத் துண்டு துண்டாக வெட்டிப்போட வேண்டுமாம். தோப்புக் கோடியில் பழைய மட்டை கொட்டுகிற குழிக்குப் பக்கத்தில்தான் வெட்டுக்கத்தி இருக்கிறது. அம்மிணி குழாயின் ஒரு முனையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியது. சுருட்டினால் மடங்காது, அவ்வளவு விறைப்பு. வழி பூராவும் சரளைக்கல். பதினைந்தடியும் நீளமாகப் பின்னால் கிடந்து, வால் கல்லில் கறகறவென்று இழுபட்டுக்கொண்டு போனது. நான் முகமூடிகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு போய், குனிந்து அந்த வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழி வரைக்கும் பின்னாலேயே நடந்தேன்.